காயவிட்ட பல்செட்டு

ஜமுனா கண்ணுக்கு அம்மா எழுதறது. நானும் உன் நைனாவும் நல்லபடியா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த மஸ்கட் வெயிலுல உடம்பைப் பாத்துக்கிட்டு சுகமா இருக்கணும்னு தினமும் விளக்கு ஏத்தறேன். முகத்துவாரம் மறுபடி மண்ணு அடைச்சிக்கிச்சு, ஏரியில இறால் இல்ல, நைனா வலையைப் பிரிச்சுப் போட்டு சரிபண்ணிக்கிட்டு கிடக்காரு. இதை போனுல சொல்ல முடியாது, பக்கத்து வீடே உன் பெரிம்மா வீடு, அதான் லீவு முடிஞ்சு மஸ்கட்டுக்கே திரும்பற விமல் கிட்ட எழுதிக் குடுத்தனுப்பறேன்.

நானும் இருசம்மா அக்காவும் ஒரே நாளுல பொன்னேரி போய் பல்செட்டு கட்டிக்கிட்டோமே, எனக்கு அது இன்னிக்கு வரைக்கும் ஆடுது, பேசினா நழுவுது. அக்காவுக்கு அச்சா உக்காந்துச்சு, நண்டுக் காலையே கடிக்கறாங்க. அண்ணிக்குப் பத்து வயசு கொறஞ்சிடுச்சுனு உன் நைனா சொன்னாரு, அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். வீடியோவுல நீ, பெரிம்மா சிரிப்பு எவ்ளோ அழகா கீதுனு சொன்ன பாரு, பக்கத்துல நான் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன், நீ கவனிக்கவே இல்ல. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

அடுத்த வாரமே அக்காவுக்குக் காய்ச்சல், படுத்துட்டாங்க. பல்லைக் கழட்டி டம்ளர் தண்ணியில போட்டு, தினம் தண்ணி மாத்தி வைம்மானு என் கிட்ட குடுத்தாங்க. நான் தண்ணியைக் கொட்டிட்டு சிமெண்டு ஷீட்டு மேல வெயிலுல வச்சேன். மறந்துட்டேன்னு உன் கிட்ட பொய் சொல்ல மாட்டேன், வேணும்னுதான் வச்சேன், பன்னெண்டு நாள். காய்ச்சல் விட்டு எடுத்து மாட்டினா ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு, ஈறெல்லாம் புண்ணு. காய்ச்சல்ல என் வாய்தான் சுருங்கிடுச்சு போலனு அக்கா சொல்றாங்க, நான் ஆமாக்கானு தலையாட்டறேன்.

மறுபடி பொன்னேரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன், பல்லு டாக்டரம்மா கையில வாங்கின உடனே கண்டுபிடிச்சிட்டாங்க. ஈறு மாதிரி இருக்கிற அந்த ரோஸ் பிளாஸ்டிக் பாக்கத்தான் கல்லு மாதிரி, ஈரம் குடிச்சிக்கிட்டே இருந்தாதான் அளவு நிக்குமாம், காஞ்சா சுருங்குமாம், சூடும் சேந்தா கோணிக்குமாம், அப்புறம் ஊறப்போட்டாலும் பழையபடி வராதாம். யாரு இதைக் காயவிட்டதுனு கேட்டாங்க. அக்கா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான்தான்க்கா, வேணும்னு செஞ்சேன்னு சொல்லிட்டேன்.

திரும்பி வர்ற பஸ்ஸுல அக்கா வேற சீட்டுல போய் உக்காந்தாங்க. நான் தினம் மீனை முள்ளெடுத்து மசிச்சு கஞ்சியோட கொண்டு போய் வச்சேன், மூணு நாள் தொடல. நாலாம் நாள் உள்ள கூப்பிட்டு, ஏன்டி செஞ்சனு கேட்டாங்க. ஜமுனா உங்க சிரிப்பைத்தானே பாத்தானு சொன்னேன். அதுக்கு அக்கா, என் புள்ள தேவேந்திரன் இங்க காட்டுப்பள்ளியிலதான் வேலை பாக்கறான், தீபாவளிக்கு அப்புறம் என் மூஞ்சியை வந்து பாக்கல, உன் பொண்ணு கடல் தாண்டி இருந்து வாரா வாரம் கூப்பிடறா, நீ என் பல்லைப் பாத்தா எரியற, உன் போன் அடிக்கறப்பல்லாம் இங்க செவுத்துல காதை வச்சுக்கிட்டு நான் எரியறேன்டினாங்க.

அக்காவுக்குப் புதுப் பல்லு செவ்வாக்கெழமை வந்துச்சு, அதுவும் கச்சிதமா உக்காந்துச்சு. எனக்கு இன்னும் வயிறு எரியுது, பொய் இன்னாத்துக்கு. மாப்பிள்ளையை நாங்க கேட்டதா சொல்லு, ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நிறைவா இருங்க. ஒண்ணு மட்டும் மறக்காத, ஞாயித்துக்கெழமை பெரிம்மா நம்பருக்குத் தனியா ஒரு தபா கூப்பிடு, நான் சொன்னேன்னு சொல்லாத. அவங்க வீட்டுல போன் அடிக்கற சத்தம் எனக்குக் கேக்கணும்.

உன் அம்மா,
சாமுண்டீஸ்வரி
கோட்டைக்குப்பம்