தொப்பி இல்லாத தலை

இன்று காலை பீரோவைத் திறந்ததும் உன் தொப்பியின் வாடை வந்தது. தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாடை. அதற்குள் நீ ஒளித்து வைக்கும் மல்லிகையின் மணம்தான் போய்விட்டது. டூட்டியில் பூ வைத்ததற்கு எத்தனை மெமோ வாங்கியிருப்பாய். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, "ஏட்டி, சங்கரன்கோவில்ல பொறந்துட்டு பூ வைக்கலைன்னா ஊருக்கே கேவலம்லா" என்று சிரிப்பாய்.

நாம் இருவரும் ஒரே பேட்ச். இளையரசனேந்தல் கரிசலில் களை வெட்டிக்கொண்டிருந்த எனக்கு சல்யூட் அடிக்கும்போது முழங்கை தொங்கும், நீதான் தட்டித் தட்டி நிமிர்த்துவாய். போலீஸ் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததில் உனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. தலையில் தொப்பி இல்லையென்றால் சல்யூட் கிடையாது, விறைப்பாக நின்றால் போதும். "நல்ல ரூல்டி. பிடிக்காதவன் வந்தா தொப்பியக் கழட்டிரலாம்" என்றாய். அன்றைக்கு விளையாட்டாகத்தான் சொன்னாய்.

அப்புறம் துணைப் படை என்று ஒன்று வந்தது. ஆளுங்கட்சிப் பையன்களுக்கு நம் காக்கி மாதிரியே ஒரு சட்டை, கையில் நம் லத்தி, ஸ்டேஷனில் நாற்காலி. யாரைப் பிடிக்க வேண்டும், யாரை விட வேண்டும் என்று கட்சி ஆபீசில் பேசிவிட்டு வந்து நமக்குச் சொல்வார்கள். அவர்கள் தலைவனைக் கமாண்டர் என்று கூப்பிட வேண்டுமாம். செயின் அறுத்த கேசில் நம் ஸ்டேஷனிலேயே ஜட்டியோடு உட்கார்ந்திருந்தவன் அவன். பாவம் என்று நீதான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். அடித்தவர்களையெல்லாம் அவன் மன்னித்துவிட்டான், அந்த டீயைத்தான் மன்னிக்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"கமாண்டர் வந்தா எல்லாரும் எந்திரிச்சு சல்யூட் அடிக்கணும். மேல இருந்து சொல்லுதாவ, நான் என்னம்மா செய்ய?" என்றார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனே அடித்தது. நீ மட்டும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாய்.

"என்னக்கா, தலையில பேன் கடிக்கா?" என்று கேட்டான் கமாண்டர்.

"இல்ல தம்பி, வேர்க்குது."

யாரோ ஒரு புண்ணியவான் அவனுக்கு அந்த ரூலை விளக்கியிருக்கிறான். மறுநாளே உன்னைத் திருவேங்கடம் ரோட்டில் துணைப் படை போட்ட தடுப்பில் நிறுத்தினார்கள். ஒரு பொட்டு நிழல் கிடையாது. துணைக்கு நான். "ஒரு சல்யூட்தானட்டி. அடிச்சுத் தொலையேன், கை என்ன தேஞ்சா போவுது?" என்று உன்னிடம் கெஞ்சினேன்.

"தேயாதுடி. பொறவு எவன் வந்தாலும் கை அதுவாத் தூக்கிக்கிடும், அதான் பயமா இருக்கு" என்றாய்.

அன்று மத்தியானம் வேறு கட்சிக் கொடி கட்டிய மொபெட் ஒன்றை நிறுத்தினார்கள். ஓட்டி வந்த ஆட்டுக்காரரை முட்டி போட வைத்து, அந்தக் கொடியைத் தின்னச் சொன்னான் கமாண்டர். அவர் துணியை வாயில் வைத்துவிட்டு ஓங்கரித்தார். நீ குறுக்கே போனாய். அவன் அங்கே நின்றதால் தொப்பி உன் கக்கத்தில் இருந்தது. அவன் லத்தி உன் வெறுந்தலையில் விழுந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பஸ்ஸை ஒதுக்கிக்கொண்டிருந்த நான் ஓடி வருவதற்குள் உன் தலைப் பூ சிவந்திருந்தது. சாயங்காலம் வரைக்கும் மூச்சு இருந்தது.

வண்டி சறுக்கி விழுந்தாய் என்று எழுதிவிட்டார்கள். "ஹெல்மெட் போடாம போயிருக்காம்மா" என்று உன் அம்மாவிடமே சொன்னார் இன்ஸ்பெக்டர். இல்லை என்று நான் சொன்னதை எழுதிக்கொள்ள எந்த மேசையிலும் பேனா இல்லை.

சர்ச் ஐயர் ஜெபம் முடித்துப் பெட்டியை மூடப் போகும்போது கமாண்டர் மாலையோடு வந்தான். உன் நெஞ்சின் மேல் வைத்திருந்த தொப்பியை எடுத்தான். கட்டுப் போட்ட தலையில் மாட்டி, கோணல் இல்லாமல் சரி செய்தான். "இப்பவாவது அக்கா மரியாதையா இருக்கட்டும்" என்று மெல்லச் சொன்னான். உன் அம்மாவோ அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீயாவது வந்தியே ராசா, நல்லா இரு" என்று அழுதாள். பாவி மனுஷி, அவளுக்கு என்ன தெரியும்.

"தொப்பியோட மூட வேண்டாம் ஐயா" என்று சொல்லி உன் தலையிலிருந்து அதை எடுத்துக்கொண்டது நான்தான்.

இன்று அவன் நம் ஸ்டேஷனின் புதுக் கட்டடத்தைத் திறக்க வந்தான். அதற்காகத்தான் உன் தொப்பியைப் பார்க்கக் காலையிலேயே பீரோவைத் திறந்தேன். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். எல்லோருடைய கையும் உயர்ந்தது. நான் என் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் கிட்டத்தில் வந்து பூவைப் பார்த்தான்.

"உங்களுக்குமா வேர்க்குது?"

"ஆமா தம்பி" என்றேன்.

நாளையிலிருந்து எனக்குத் திருவேங்கடம் ரோட்டில் டூட்டி போட்டிருக்கிறார்கள். துணைக்கு உன் தொப்பியைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.