வாயாடியின் நாற்காலி

அன்புள்ள வாயாடிக்கு,

உன் தலைவலி எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்க மாட்டேன். உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு அப்படிக் கேட்டவர்களை நீ எப்படிப் பார்த்தாய் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் உன் அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டபோது உன் அண்ணிதான் எடுத்தார். நீ அறையை விட்டே வருவதில்லை என்றார். பேச்சுவாக்கில், அப்படி என்ன வேலைதான் பாக்குறீங்க என்று கேட்டார். ஒரே கணினிக்குள் பல கணினிகளை உண்டாக்கி ஓட்டும் மென்பொருள், அதில் எந்தக் கட்டளையைத் தட்டினால் என்ன நடக்கும் என்று கையேடு எழுதுகிறோம் என்றேன். நான் எழுதுவேன், அவள் ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்து தாளில் உள்ளதை மட்டும் தட்டிப் பார்ப்பாள் என்றும் சொன்னேன். இதுக்குப் போயி ரெண்டு பேரா என்று சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் நாற்காலியில் இப்போது சோதனைப் பிரிவுக்காரர் உட்காருகிறார். நல்ல மனிதர். ஆனால் எல்லாம் தெரிந்தவர், அதுதான் தொல்லை. அப்படி உண்டாக்கிய ஒரு கணினியை நீக்குவது எப்படி என்ற பக்கத்தில், முதலில் நகல் எடுத்து வையுங்கள் என்ற வரியை நான் விட்டுவிட்டேன். அவர் தன்பாட்டுக்கு நகல் எடுத்துவிட்டு நீக்கியிருக்கிறார். எல்லாம் சரியா இருக்கு மேடம் என்றார். நானும் நம்பி அனுப்பிவிட்டேன். வெளியூர்க் கிளையில் ஒரு பெண் தாளில் உள்ளபடியே தட்ட, அவர்கள் செய்து வைத்திருந்த வேலை அத்தனையும் போயிற்று. எல்லாருக்கும் தெரிஞ்சதையெல்லாமா எழுதணும் என்கிறார் இவர். நீயாக இருந்தால் அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு, அழிச்சா திரும்ப வருமாடி என்று கேட்டு என் உயிரை வாங்கியிருப்பாய்.

மதியம் சாப்பிடும்போது உன் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொள்கிறேன். தனியாகச் சாப்பிடவே பிடிக்கவில்லை.

மாதக் கடைசியில் உன் இடத்துக்கு வேறு ஆளைப் போடப் போகிறாராம் மேலாளர். அண்ணன் வீட்டிலிருந்தே செய்யட்டும் சார் என்று கெஞ்சிப் பார்த்தேன். செய்யறேன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும் என்கிறார்.

அந்த ஒரு வார்த்தைகூட இப்போது உனக்குப் பாரம் என்று எனக்குத் தெரியும். அதனால் திருத்திய பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆபீஸ் மடிக்கணினி உன்னிடம்தானே இருக்கிறது? தாளில் உள்ளதை மட்டும் தட்டு. கை எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு அனுப்பு. வேறெதுவும் எழுத வேண்டாம். அதையே மேலாளரிடம் காட்டி அவர் வாயை அடைத்துவிடுவேன்.

ஆறுதலாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். பார், கையேடுதான் வந்திருக்கிறது.

அந்தப் பக்கங்களில் ஒரு இடத்தில் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டு வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிப் போக உன்னால் முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு, வாயாடி.

அந்தக் கோட்டுக்குக் காத்திருக்கும்,
உன் தலைவலி