மூன்றாவது முளைக்குச்சி

பெல்ட்டன் பள்ளத்தாக்கு, ஆர்க்கன்சா
ஏப்ரல் 9

அன்புள்ள கொரீனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் கிழட்டு நாயும் நன்றாக இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் உன் இருமல் இதற்குள் நின்றிருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். உன் அம்மா வைத்த பேரி மரம் இந்த வருஷம் சீக்கிரமே பூத்துவிட்டது.

நீ இணையத்தில் பார்த்து வைத்திருக்கும் பதினோரு ஏக்கரைப் போய்ப் பார்த்தேன், பக்கத்து வீட்டு ராய்ஸ் தன் வண்டியில் கூட்டிப்போனான். ஊற்றுத் தண்ணீர் இனிக்கிறது, கண்ணுக்கெட்டியவரை மின்கம்பம் இல்லை, நீ கேட்டதும் அதுதானே. வீடு கட்டத் தயாரான சமதளம் என்று விளம்பரத்தில் போட்டிருந்த மேடு, படத்தில் உள்ளது போலவே நீலப்பூ விரித்துக் கிடந்தது. நீ சொன்னபடி மரவீட்டின் நான்கு மூலைக்கும் முளைக்குச்சி அடிக்க ஆரம்பித்தேன். ராய்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பூவின் ஓரத்திலேயே நின்றுவிட்டான், என்னப்பா இடுப்பு பிடிச்சுக்கிச்சா என்று கேலி செய்தேன். கல்லுப் பூமி, முதல் இரண்டும் இறங்கச் சுத்தியல் பதினைந்து அடி கேட்டது. மூன்றாவது, கையால் அழுத்தியதுமே முழங்கை ஆழம் போய்விட்டது. அப்போதுதான் ராய்ஸ், வாத்தியாரே, நாப்பது வருஷம் பாடம் நடத்துனீங்க, இந்த நீலப்பூ கல்லறைக்கொடின்னு நான் சொல்லியா தெரியணும் என்றான். எனக்குத் தெரியும் கொரீன், நம் ஊர்க் கல்லறையெல்லாம் அந்தக் கொடிதான். உன் வீடு என்ற நினைப்பில் அதை வெறும் பூவாகப் பார்த்துவிட்டேன்.

கொடியை விலக்கினால் கற்கள், தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில் ஒன்று, எல்லாம் கிழக்கு பார்த்து, ஒன்றிலும் எழுத்தில்லை. என் முளை நின்ற இடத்தில் இரண்டு கல்லுக்கும் நடுவே என் கைத்தடி நீளம்கூட இல்லை. பிள்ளைகளின் உயரம் பார்த்துப் பெஞ்சு போட்டே காலம் கழித்தவனுக்கு அளவு நாடா எதற்கு, முதல் வகுப்புக்கே வந்திருக்காத உயரம். அதைச் சுற்றி மட்டும் சருகு இல்லை, யாரோ கையால் ஒதுக்கியது போல இருந்தது. இங்க புதைச்ச குடும்பத்து ஆளுங்க இந்தப் பக்கம் வந்து அறுபது வருஷமாச்சே என்கிறான் ராய்ஸ். அன்றிலிருந்து காலையில் காப்பி போடும்போது, வருகைப் பதிவேடு வாசிப்பது போல வாய் தானாகத் திறக்கிறது, கூப்பிடப் பெயரில்லாமல் மூடிக்கொள்கிறது.

நாலு நாளாக இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் வாங்கமாட்டாய், என் வீட்டிலிருந்து பன்னிரண்டு மைலில் வந்து இருக்கப்போகிறவள் அலாஸ்காவிலேயே தங்கிவிடுவாய் என்ற பயம். விடைத்தாளில் தப்பைப் பார்த்தும் பார்க்காததுபோல் பக்கத்தைத் திருப்பிய வாத்தியாராகிவிட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுமுன் உனக்குத் தெரியவேண்டும். வாங்கினால் ஊற்றுக்குக் கீழே ஓக் மரங்களுக்கு நடுவில் கட்டிக்கொள், மேட்டுக்குப் போகும் வழியை அடைக்காதே, மே மாதம் கல்லறைக்குப் பூ வைக்கும் நாளில் யாராவது பூ கொண்டு வந்தால் வரட்டும். வேண்டாமென்று விட்டாலும் எனக்குக் கோபமில்லை.

முதல் இரண்டு முளையையும் பிடுங்கிவிட்டேன். மூன்றாவது வரவில்லை. வேர் பிடித்திருக்கும் என்று ராய்ஸிடம் சொன்னேன், வேரா இருந்தா இறங்கும்போதே தடுத்திருக்குமே என்றான், ஆனால் கை கொடுக்க மறுத்துவிட்டான்.

ஆண்டவர் உன்னை எந்தக் குறையுமில்லாமல் காப்பாற்றட்டும். இருமலுக்குத் தேன் சாப்பிடு. நிலத்தை வாங்கினாலும் சரி, விட்டாலும் சரி, ஒரு தடவை வந்து அந்த முளையை என்னோடு சேர்ந்து பிடுங்கிக் கொடு.

உன் அப்பா,
லொவெல் டாக்கெட்