சனிக்கிழமை அடுப்பு

அய்யா துணை

கருங்கல்
12-10-1952

பம்பாயிலிருக்கும் மகன் குமாரதாஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை ஓமனா, நான் மூவரும் சுகம். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய், உன் புத்திக்குத்தான் என்ன வந்தது என்று தெரியவில்லை. ஓமனாவுக்கு இது ஏழாம் மாதம், பிரசவத்துக்கு இங்கே கூட்டிவந்தாயிற்று. மழை பிடித்துக்கொண்டதால் மரச்சீனிக் கிழங்கு பிடுங்க ஆள் வரவில்லை, அப்பா முழங்கால் வலியோடு தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகிறார். வீட்டு விசேஷம் இவ்வளவுதான், இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

நீங்கள் முறை வைத்துச் சமைத்துச் சாப்பிடும் மெஸ்ஸிலிருந்து ஏசேக்கியேலை வெளியே அனுப்பியதை ஏதோ வேடிக்கை போலச் சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறாய். உன்னோடு ஒரே பட்டறையில் வேலை செய்கிறவன், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன் என்று சித்திரையில் நீதானே எழுதினாய். நாங்கள் யூதர்கள், சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள், அன்று தீ மூட்டமாட்டோம், என் சமையல் முறையை வேறு நாளைக்கு மாற்றித் தாருங்கள் என்று அவன் கேட்டானாம். அதற்கு வேலைக்கள்ளன், அவன் சாதியே அப்படித்தான் என்றீர்களாம். ஞாயிற்றுக்கிழமை சுந்தரராஜ் சபைக்குப் போனபோது அவன் முறையைச் செய்தது யார்? நோன்பு மாதத்தில் விடியுமுன் எழுந்து அசனுக்குச் சோறாக்கியது யார்? ஞாயிறு அய்யாவுக்கு உகந்த நாள், நான் மீன் தொடமாட்டேன் என்று நீ உட்கார்ந்திருக்க உனக்கென்று தனிச் சட்டியில் குழம்பு வைத்தது யார்? அவன்தானே மக்கா.

அதோடு விட்டீர்களா. ஏசுவைக் காட்டிக்கொடுத்த சாதி என்று சுந்தரராஜ் சொன்னதும் அவன் தட்டையும் தம்ளரையும் எடுத்து ஜன்னலில் தனியாக வைத்தீர்கள், பிறகு பெட்டியையே வாசலில் வைத்துவிட்டீர்கள். அவனுடைய யூத ஜெப ஆலயத்துப் பெரியவர்கள் இரண்டு பேர், பக்கத்துச் சபைப் போதகரையும் பள்ளிவாசல் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்து, எங்கள் பையன் செய்த குற்றம் என்ன, எங்கள் இனத்தைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று மரியாதையாகத்தானே கேட்டார்கள். ஒரு தட்டுச் சோற்றுக்கு ஊரே திரண்டு வந்தது என்று அதற்கும் சிரிக்கிறாய். உன் அப்பாவைச் சின்ன வயதில் சாதியைச் சொல்லிக் காப்பிக்கடைக்கு வெளியே நிறுத்தித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். நம் பெரியவர்கள் போய் நியாயம் கேட்டபோது அங்கேயும் உள்ளே இருந்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அப்பா உன் கடிதத்தைப் பாதியில் கீழே வைத்துவிட்டார், அப்புறம் உன் பெயரை எடுக்கவில்லை. அவனை அனுப்பிவிட எல்லாரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன் என்கிறாய். எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்கிறேன் என்றுதான் அந்தக் கடைக்காரனும் சொன்னான்.

நான் சும்மா இருக்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு சுந்தரராஜின் அம்மா நேசபாயிடம் போனேன். சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் அல்லவா, வாசித்துவிட்டு, ஏட்டி அன்னக்கிளி, ஏசுவும் யூதருதான், அவரைப் பெத்த மரியாளும் யூதப்பிள்ளதான், எம் மவன் யாரத் தள்ளி வச்சிருக்கான்னு அவனுக்குத் தெரியுமா என்று அழுதேவிட்டாள். இரண்டு பேரும் பஸ் ஏறித் திருவிதாங்கோட்டுக்குப் போய் அசனின் உம்மா மைமூன் பீவியைப் பார்த்தோம். நடந்ததைச் சொன்னோம். உங்களுக்கு அனுப்ப வறுத்து டப்பாவில் அடைத்து வைத்திருந்த ஏத்தன் வாழைக்காய் உப்பேரியைத் திறந்து அங்கேயே தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். உனக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்ய நான் வறுத்த பயறும் ஓமனாவுக்கு ஆயிற்று. உங்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று ஏசேக்கியேல் தன் கையால் எழுதும்வரை மூன்று வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் வராது, இது நாங்கள் மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

நீ, சுந்தரராஜ், அசன் மூன்று பேரும் போய் அவனைக் கூப்பிடுங்கள். அந்தப் பெரியவர்களையும் தேடிப்போய், சிரித்த அதே வாயால் தப்பு என்று சொல்லுங்கள். வரமாட்டேன் என்று அவன் சொன்னால் கோபப்படாதே, அவனுக்கு அந்த உரிமை உண்டு, மறுநாளும் போ. அவன் வந்தால் சனிக்கிழமை அடுப்பு உன் பொறுப்பு.

கண்ட தண்ணீரைக் குடிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. அய்யா உனக்கு நல்ல புத்தி தந்து காக்கட்டும். ஏசேக்கியேலின் அம்மா அலிபாக் பக்கம் கிராமத்தில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த விலாசத்தை மறக்காமல் அவனிடம் வாங்கி அனுப்பு. அவள் பிள்ளையை வாசலில் நிறுத்தியவனைப் பெற்றவள் நான், அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற
அன்னக்கிளி