போகாதவர்களுக்கு ஒரு பிரியாவிடை

பிரியாணிப் பானையைக் கடைக்குள் தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் நெய்யும் புதினாவும் கலந்த வாசனை எழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னை நினைத்தால் இப்போதெல்லாம் அதுதான் முதலில் வருகிறது, என்ன செய்ய? நீ இல்லாமல் நடக்கும் முதல் விருந்து இது.

நீயும் நானும், இரண்டு பெண்கள் சேர்ந்து ஏர்கோன் பழுதுபார்க்கும் கடை போட்டபோது ஜார்ஜ்டவுனில் நம்மைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. அந்த வாய்களை அடைத்தவன் நம் மெக்கானிக் குணா. அவன் கை வைத்த ஏர்கோன் மறுபடி மக்கர் செய்யாமல் அறையைக் குளிர வைக்கும். ஹோட்டல்காரர்கள் போன் போட்டாலே அவனைத்தான் அனுப்பச் சொல்வார்கள்.

அவனைப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்று கூப்பிடுகிறது என்று காதில் விழுந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் போனால் ஹோட்டல்கள் போய்விடும், பிறகு கடையை இழுத்து மூட வேண்டியதுதான். நீயோ அசரவில்லை.

"ஃபேக்டரிக்காரன் குடுக்குறத நம்மளால குடுக்க முடியாதுடி. நல்லா மக்கான் போட்டு அனுப்பி வைப்போம்லா."

அந்த மக்கான் விருந்து நம் கடை வழக்கம். வேலையை விட்டுப் போகிறவரைக் குடும்பத்தோடு வரச் சொல்லி, மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுப் பிரியாணி போடுவோம். ஒவ்வொருவராக எழுந்து அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வோம். நீ பிரியாணிக்குச் சொன்னாய். 'போய் வா குணா' என்று கேக்கில் எழுதச் சொன்னாய். குணாவிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மனைவியோடும் மகளோடும் வந்தவன் கேக்கைப் பார்ப்பதற்குள் நீ எழுந்து பேச ஆரம்பித்துவிட்டாய். அவன்தான் இந்தக் கடையின் முதுகெலும்பு என்றாய். பிறகுதான் அவன் கேக்கைப் படித்தான்.

"என்னக்கா, என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டீங்களா?"

அவன் மனைவி அழவே ஆரம்பித்துவிட்டாள். நாம் இருவரும் திருதிருவென்று விழித்தோம்.

"கூப்பிட்டது உண்மதான்க்கா. இன்னும் பதில் சொல்லல. ஞாயித்துக்கெழமையும் கஸ்டமர் போன் வருது, பிள்ளையக் கடலுக்குக்கூடக் கூட்டிட்டுப் போக முடியல. ஆனா, இப்ப சொன்னீங்களே, இத்தன வருஷத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

நீ கேக் வெட்டும் கத்தியை எடுத்தாய். "ஞாயித்துக்கெழம இனி வர்ற போன நான் எடுக்கறேன்" என்றாய். பிறகு 'போய் வா'வை மட்டும் கத்தியால் வழித்து அவன் மகளுக்கு ஊட்டிவிட்டாய். கேக்கில் குணா மட்டும் மிஞ்சினான். கடையிலும்தான்.

"போறவனுக்கு மட்டும் ஏன்டி நல்ல வார்த்த? இருக்கறவன் என்ன பாவம் பண்ணான்?" என்று அன்றே வழக்கத்தை மாற்றினாய். அதன் பிறகு வருஷா வருஷம் போகாதவர்களுக்கும் விருந்து. சிங்கப்பூருக்குப் போனவர்கள் உண்டு, போய்த் திரும்பி வந்தவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து உன்னிடம் திட்டு வாங்கிய வாடிக்கையாளர்கள்கூட நம்மை விட்டுப் போகவில்லை.

போகாதவர்களில் நீயும் ஒருத்தி என்பதால் ஒவ்வொரு விருந்திலும் உன்னைப் பற்றிப் பேசுவது என் முறை. "போதும்டி, சோறு ஆறுது" என்று நெளிவாய். நான் நிறுத்தியதில்லை. அதனால்தான் உன் சாவு வீட்டில், மனதில் இருந்ததைச் சொல்லாமலே இருந்துவிட்டோமே என்று மற்றவர்கள் கதறியபோது, எனக்கு அழுகை மட்டும்தான் இருந்தது, அந்தக் குறை இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு நீ வெட்கப்பட்ட முகம் என்னோடு இருக்கிறது.