படகில் என் இடம்

அன்புள்ள அம்மா,

கரகோலிலிருந்து சைக்கால் வணங்கி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? எனக்குத் தையற்கூடத்தில் வேலை நிறைய. உடம்பு நன்றாக இருக்கிறது.

ஞாயிறன்று தீலெக் அண்ணன் பிஷ்கெக்கிலிருந்து குடும்பத்தோடு வந்து என்னை ஏரிக்குக் கூட்டிப்போனான். படகில் ஏறும்போது என் வீல்சேர் பலகையில் கொஞ்சம் சறுக்கிவிட்டது. பயப்படாதீர்கள், தண்ணீரில் விழுந்தது என் செருப்பு ஒன்றுதான்.

உள்ளே ஏறியதும் அண்ணன் வழக்கம்போல வாசலோரமாக வண்டியை நிறுத்தினான். படகுக்காரர் ஜோல்தோஷுக்கு வந்ததே கோபம்.

"யாருக்காகய்யா இந்தச் சவாரி?"

"தங்கச்சிக்காகத்தான்."

"அப்ப அவதானே விருந்தாளி! விருந்தாளியைப் போய் வாசல்ல உக்கார வைப்பியா? நீயெல்லாம் ஒரு கிர்கிஸ்காரன்!"

"இறங்க சுலபமா இருக்குமேன்னு..."

"இறங்கறப்ப பாத்துக்கலாம். தூக்கு!"

அண்ணி, பிள்ளைகள் எல்லோருடைய தலைக்கும் மேலாக என்னைத் தூக்கிப்போய், வாசலுக்கு நேர் எதிரே, நம் வீட்டில் விருந்தாளிக்கு விடும் இடம்போல, படகின் முன்முனையில் வைத்தார்கள். அம்மா, எனக்கு முன்னால் தண்ணீரையும் மலையையும் தவிர யாருமே இல்லை!

நீங்கள் பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். கடையில் வாங்கியது சூடாகவே இல்லை. தையற்கூடத்து வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. முதல் பனி விழுந்ததும் வருவேன். அப்போது என் தேநீர்க் கிண்ணத்தைக் கதவோரம் வைக்காதீர்கள். தூக்க அண்ணனும் வருவான்.

உங்கள் விருந்தாளி,
சைக்கால்