நீங்கள் விட்டு வைத்த சிவப்புக் கட்டம்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. உங்கள் கருமாதி முடிந்து மொனராகலையிலிருந்து வந்த நாள் முதல் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மழை விடவில்லை. லயத்து வீட்டுக்குள்ளே சிக்னல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சாயங்காலமானால் பழையபடி குடையை எடுத்துக்கொண்டு மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகிறேன். நேற்று வரை போனைத் திறந்தால் நம் ஆட்டம் அப்படியே கிடந்தது. நான் கடைசியாக வைத்த சொல்லுக்கு மேலே 'எதிராளியின் முறை' என்று எழுதியிருந்தது. பார்த்துவிட்டு, மூடிவிட்டு இறங்கி வருவேன். அதற்கு மேல் அங்கே எனக்கு என்ன வேலை?

என் மகள் வசந்தா உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து எத்தனை வருஷம்! தீபாவளிக்கும் பிள்ளை பிறந்ததற்கும் தவிர நாம் என்ன பேசியிருக்கிறோம்? நீங்கள் பதுளைக் கச்சேரியில், அரசாங்க ஆபீஸில், கிளார்க்காக இருந்தவர். நான் அஞ்சாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கினவள். வசந்தாதான் நம் இரண்டு பேர் போனிலும் இந்தச் சொல் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஆளுக்கு ஏழு எழுத்து. குறுக்கும் நெடுக்குமாகச் சொல் சேர்க்க வேண்டும். சிவப்புக் கட்டத்தில் சொல் விழுந்தால் புள்ளி மூன்று மடங்கு.

முதல் ஆட்டத்திலேயே நான் அந்தச் சிவப்பில் 'கவாத்து' வைத்தேன். உடனே எழுதினீர்கள்: "தேயிலைய வெட்டுறது போதாதுன்னு என் புள்ளியையும் சேத்து வெட்டிட்டீங்களே சம்பந்தியம்மா!"

"கச்சேரிக்காரங்களுக்குத் தேத்தண்ணி குடிக்க மட்டுந்தான் தெரியும். பாத்து ஆடுங்க" என்று நானும் எழுதினேன். நேரில் என்றால் அப்படிப் பேசியிருப்பேனா? போனில் வாய் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள், "அந்த 'ழ'வ இடுப்புல தூக்கிக்கிட்டே திரியிறீங்களே, எறக்கி விடுங்க, அது நடக்கட்டும்" என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, தொட்டிப் பக்கம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஜெயித்த நாளெல்லாம் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு இருந்த பெருமை அது. மலையில் கொழுந்து எடை குறைந்தவளுக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், பாதி நாள் சம்பளம். அதனால் நிறுப்பதற்கு முன்னால் பக்கத்து நிரையில் பறிக்கிறவள் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போடுவாள். நானும் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். என் கூடையில் ஒருத்தியும் போட்டதில்லை, போட விட்டதுமில்லை. காய்ச்சலோடு மலையில் நின்ற அன்றைக்கும்கூட.

கருமாதிக்கு மறுநாள் வசந்தா உங்கள் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அத்தைக்கு நல்ல சொல்லு கையில இருக்கும். சிவப்புக் கட்டமும் தொறந்து கெடக்கும். வைக்க மாட்டாங்க. 'அது ஒங்கம்மாவுக்கு'ன்னு சொல்லிட்டு, மூலையில ரெண்டெழுத்த வச்சிட்டு எந்திரிச்சிருவாங்க."

"எல்லா ஆட்டமுமா?"

"எல்லாமில்ல. நெறைய."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அஞ்சாங் கிளாஸ்காரி, பாவம்னு விட்டாங்களாக்கும்?"

"ஐயோ, இல்லம்மா! நீங்க தோத்தா மூஞ்சத் தூக்கிக்கிட்டு ஒரு வாரம் போன் பக்கமே வர மாட்டீங்கல்ல? அந்த வாரம் பூரா அத்தை போனக் கையில வச்சிக்கிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாங்க. 'ஒங்கம்மாவுக்கு ஒடம்பு முடியலையா, எம்மேல கோவமா, கேளுடி'ன்னு என்னைய அரிச்செடுப்பாங்க. நாங்க வேலைக்கும் புள்ளைங்க ஸ்கூலுக்கும் போயிட்டா அவங்களுக்கு யாரும்மா இருக்கா?"

நான் ஒரு சேலையை இழுத்து மடிக்கத் தொடங்கினேன்.

தோற்ற வாரங்களில் நான் மட்டும் என்ன செய்தேன் சம்பந்தியம்மா? வேலை இருப்பது போல விறகை இங்கிருந்து அங்கே அடுக்கினேன். நீங்களே கூப்பிடட்டும் என்று இருந்தேன். அங்கே நீங்கள், இங்கே நான், இரண்டு பேரும் சும்மாதான் இருந்திருக்கிறோம். 'சீக்கிரம் வாங்க, தனியா இருக்கேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா நீங்கள்? நான் எழுதியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

நேற்றுப் போனில் ஓர் அறிவிப்பு வந்தது. உங்கள் கண் ஆபரேஷனுக்காக வசந்தா இந்த ஆட்டத்துக்கு மட்டும் ஒரு மாத அவகாசம் வைத்திருந்தாள் அல்லவா, அது முடிகிறதாம். இன்னும் ஒரு நாளுக்குள் நீங்கள் ஆடாவிட்டால் வெற்றி எனக்காம். நீங்கள் விட்டு வைத்தது போதாதென்று இந்தப் போனும் எனக்கு அள்ளிப் போடப் பார்க்கிறது. நீங்கள் இல்லாமல் ஜெயித்து நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஓரத்தில் 'தோல்வியை ஒப்புக்கொள்' என்று ஒரு பட்டன் உண்டு. இத்தனை நாள் நான் தொடாத பட்டன். அழுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வசந்தாவின் அழைப்பு வந்தது. "அம்மா, அத்தை போன்ல 'வெற்றி உங்களுக்கே'ன்னு வந்திருக்கு! என்னம்மா பண்ணுனீங்க?"

"தோத்துட்டேன்டி."

அவள் அழுதாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தேன். பிறகு கேட்டாள்: "நா ஒரு ஆட்டம் அனுப்பட்டுமாம்மா? எனக்கும் இங்க ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"அனுப்பு. ஆனா அந்தச் சிவப்ப எனக்குன்னு விட்டு வச்சே, வந்து ஒதைப்பேன்."

உங்களுக்குச் செய்யாததை இனி அவளுக்குச் செய்வேன் சம்பந்தியம்மா. எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் மறுநாள் சாயங்காலம் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்து, அடுத்த ஆட்டத்தை நானே அனுப்புவேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்களிடம் தோற்றுப் போன சம்பந்தி,
வசந்தாவின் அம்மா பாக்கியம்
ஸ்பிரிங்வெளி